பானகம் குடித்துவிட்டுப் போன சீர்

கொள்ளிடத்துப் பாலத்தின் மேல் வண்டி ஏறியதுமே செல்லக்கண்ணு வாயை மூடிக்கொண்டார். ஆலங்கரையிலிருந்து விடியுமுன் கிளம்பியவர், மாட்டை அதட்டியும் பின்னால் வரும் வண்டிகளுக்குக் குரல் கொடுத்தும் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டு வந்த மனிதர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பொன்னுத்தாய்க்குக் காரணம் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாலத்தில்தானே எல்லாக் கேடும் ஆரம்பித்தது!

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செல்லக்கண்ணுவின் அப்பா ஓர் ஐப்பசி மழையில் கண்ணை மூடினார். எடமலைப்பட்டி புதூரில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை வள்ளிக்கண்ணுவுக்குத் தந்தி போயிற்று. அவளும் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கொள்ளிடத்தில் வெள்ளம். பாலத்துக்கு ஸ்ரீரங்கத்துப் பக்கமே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கொட்டும் மழையில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டுப் பக்கம் புகை தெரிந்தது. "பொழுது இறங்குதுப்பா, எடுத்துடலாம்" என்று பங்காளிகள் அவசரப்படுத்த, "சரி, எடுங்க" என்று சொன்னவர் அண்ணன்தான். அப்பா முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாத மகள், சொட்டச் சொட்ட ஈரப் புடவையோடு வாசலில் நின்று, "ஒரு நாழி நிக்க முடியலையா அண்ணே உங்களுக்கு? இனிமே எனக்கு அண்ணனே இல்லை" என்றாள். அண்ணனுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ வாசப்படியை நான் மிதிச்சா என் பேரை மாத்தி வச்சுக்கிறேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். சொன்ன சொல் ஒன்பது வருஷம் நின்றது.

இப்போது வள்ளிக்கண்ணுவின் மகள் மங்கையர்க்கரசிக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அது அவர்கள் வழக்கம். "எப்படியாவது அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க அண்ணி. ஒம்போது மணிக்குள்ள வரலைன்னா, எங்க மாமியார் தன் தங்கச்சி மகனை மாமன் இடத்துல நிக்கவச்சுப் பட்டம் கட்டிடுவேங்கறாங்க" என்று பொன்னுத்தாய்க்கு ஒரு கார்டு போட்டிருந்தாள் வள்ளிக்கண்ணு. அண்ணன் பெயருக்கு அதில் ஒரு வார்த்தை கிடையாது.

பொன்னுத்தாய் என்ன மந்திரம் போட்டாள் என்று கேட்காதீர்கள். சண்டை போடவில்லை, அழவில்லை. மூன்று நாள் அவரோடு பேசாமல் சோற்றை மட்டும் வைத்தாள். நாலாம் நாள் சாயங்காலம் அவரே, "ஏ பொன்னு, சீர்த்தட்டு எத்தனை வைக்கலாம்?" என்றார். அவ்வளவுதான்.

ஆக, மனிதர் வந்துவிட்டார். ஆனால் அவருடைய ரோஷமும் கூடவே வண்டியேறி வந்திருக்கிறது என்பது பொன்னுத்தாய்க்குத் தெரியும். யாராவது ஒருவர் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தால் போதும், மூன்று வண்டியையும் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பிறகு இந்தப் பிறவியில் அண்ணன் தங்கை கிடையாது. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் விட்டதுதான்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் வண்டிகள் நின்றன. ஆவணி மாதக் காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. ஆண்கள் இறங்கிக் குளித்தார்கள். பெண்கள் மண்டபத்தில் தட்டுகளைப் பரப்பினார்கள். பட்டுப் புடவை ஒரு தட்டு, தேங்காய் ஒரு தட்டு, மஞ்சள் கிழங்கு, பூவன்பழம், கற்கண்டு, கதம்பம் என்று இருபத்தொரு தட்டு.

பொன்னுத்தாய் மஞ்சளைக் கழுவத் தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று செல்லக்கண்ணு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரங்கநாதரைக் கும்பிடுகிறார் என்று நினைத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"தப்பு என்னுதுதான் தாயி. அன்னிக்கு நான் நின்னிருக்கணும். உன்னை இத்தனை காலம் நிக்கவச்சுட்டேன். பொறுத்துக்க... தப்பு என்னுதுதான் தாயி..."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னுத்தாய் கழுவின மஞ்சளை அள்ளிக்கொண்டாள். கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் கரையேறிவிட்டாள்.

நாயனம் முன்னால் போக, செல்லக்கண்ணு நடுவில், பின்னால் தட்டேந்திய பெண்கள், அவர்களுக்கும் பின்னால் பதினோரு பங்காளிகள் என்று ஊர்வலம் அம்மா மண்டபம் ரோட்டில் நடந்தது. இந்தப் பங்காளிகள்தான் பொன்னுத்தாயின் இன்னொரு பயம். சாப்பாட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆலங்கரை இருக்கிறதே, அது பெயர் வைப்பதில் கெட்டிக்கார ஊர். மாரியம்மன் திருவிழாவில் வேட்டி அவிழ்ந்து விழுந்த ஒருத்தருக்கு இருபது வருஷமாக அதுவே பெயர். அவர் பேரப்பிள்ளைகளையும் அதைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறார்கள்.

'கிழக்குப் பார்த்த சத்திரம், வாசலில் வாழைமரம்' என்று கார்டில் எழுதியிருந்தது. எழுதியவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் அந்த ரோட்டில் வாழைமரம் கட்டாத சத்திரம் எது?

கிழக்குப் பார்த்த ஒரு சத்திரத்தை நெருங்கும்போதே உள்ளேயிருந்து எதிர்மேளம் புறப்பட்டு வந்துவிட்டது. சீர் வந்தால் கல்யாண வீட்டு மேளம் வாசலுக்கு வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும் அல்லவா, அந்த முறைப்படி. "மாமன் சீர் வந்தாச்சு! மாமன் சீர் வந்தாச்சு!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். ஒருத்தர் செல்லக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருத்தர் சந்தனத்தைப் பூசினார். பன்னீர் தெளித்தார்கள். இரண்டு நாயனமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முழங்கின. ஒன்பது வருஷம் பார்க்காத சம்பந்த வீட்டு ஜனம். யார் முகம் யாருக்குத் தெரியும்? தட்டுகளோடு ஊர்வலம் முழுக்க உள்ளே போய்விட்டது.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. தட்டுகளை வரிசையாக இறக்கினார்கள். மேளம் ஓய்ந்தது. செல்லக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நின்றார். பெண்ணின் தாயார் ஆரத்தித் தட்டோடு உள்ளேயிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

பொன்னுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாளும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது, பாதி வழியில் அப்படியே வாடியது.

அவள் வள்ளிக்கண்ணு இல்லை.

'ஐயோ, குடி கெட்டது!' என்று நினைத்தாள் பொன்னுத்தாய். கல்யாணம் மாறி வந்துவிட்டோம்! அவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். மேளம் நின்ற நேரம், கூடம் முழுக்கக் கேட்டது.

"தப்பு என்னுதுதான் தாயி. அன்னிக்கு நான் நின்னிருக்கணும். உன்னை இத்தனை காலம் நிக்கவச்சுட்டேன். பொறுத்துக்க."

தரையைப் பார்த்தபடி, ஒரு சொல் தவறாமல், காவிரியில் ஒப்பித்ததை அப்படியே முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லிக் கைகூப்பினார்.

அந்த அம்மாள் பெயர் வேலம்மாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வந்தீங்களே அண்ணே, அது போதும். நாழியானா என்ன?"

குரல் வேறு மாதிரி இருக்கவே செல்லக்கண்ணு தலையைத் தூக்கினார். எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, "பெரியம்மா, இது நம்ம மாமா இல்லையே!" என்று கணீரென்று கேட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பங்காளிகளில் ஒருத்தர் இன்னொருத்தர் காதைக் கடித்தார். செல்லக்கண்ணுவின் கை கக்கத்துத் துண்டைத் தேடியது. அந்தத் துண்டு தோளில் ஏறிவிட்டால் வண்டி திரும்பிவிடும். பொன்னுத்தாய்க்கு அது நன்றாகத் தெரியும்.

"ஏ குட்டி, நீ என்னத்தைக் கண்டே?" என்று வேலம்மாள் அந்தச் சிறுமியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கூடம் அதிரச் சிரித்தாள். "நம்ம மாமா சீர் பின்னால வரும். இது அந்தப் பக்கத்துக் கல்யாண வீட்டு மாமன் சீர். ஒரே ரோட்டுல ரெண்டு முகூர்த்தம்னா, முதல்ல வர்ற சீர் வழியில இருக்கிற கல்யாண வீட்டுல இறங்கி, நிக்கவச்சதுக்குப் பொறுத்துக்கன்னு ஒரு வார்த்தை கேட்டு, பானகம் குடிச்சுட்டுத்தான் போகணும். இல்லாட்டி ரெண்டு பொண்ணுக்கும் ஆகாது. அண்ணன் முறை தெரிஞ்சவரு, ஒரு சொல் குறைக்காம கேட்டுட்டாரு. வாசலுக்கு மேளத்தை அனுப்பி நான்தான் அழைக்கச் சொன்னேன். ஏய், பானகம் எங்கே? சீர் வந்து எத்தனை நேரமாச்சு!"

சம்பந்தியம்மாள் மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். "இதென்ன வழக்கம்? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே!"

"நீங்க எப்படிக் கேள்விப்படுவீங்க? உறையூர்லயே பொண்ணு குடுத்து உறையூர்லயே பொண்ணு எடுக்கறவங்க. உங்க சீர் என்னிக்குத் தெருவைத் தாண்டியிருக்கு?"

மாப்பிள்ளை வீட்டிலேயே குபீரென்று சிரிப்பு எழுந்தது. சம்பந்தியம்மாளும் சிரித்துவிட்டாள். எந்தச் சிரிப்பு செல்லக்கண்ணுவின் தலையில் விழ இருந்ததோ, அது உறையூர்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. பங்காளிகள் பதினோரு பேரும், நமக்கு இந்த வழக்கம் தெரியாமல் போயிற்றே என்கிற முகத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து பானகம் வாங்கிக் குடித்தார்கள். ஒருத்தர் இன்னொரு டம்ளர் கேட்டார்.

செல்லக்கண்ணு கையில் டம்ளரை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். வேலம்மாள் பக்கத்தில் வந்து, வெளியே கேட்காத குரலில் பேசினாள்.

"எந்த ஊர் அண்ணே? பொண்ணு யாரு?"

பொன்னுத்தாய்தான் சொன்னாள். "இவங்க தங்கச்சி பொண்ணு. எடமலைப்பட்டி புதூர். பொண்ணோட அப்பா ரயில்வேல இருக்காரு. மங்கையர்க்கரசின்னு பேரு."

"ஓ, ரயில்வேக்காரங்க கல்யாணமா? இங்கேருந்து நாலு கட்டடம் தள்ளி, பச்சை வர்ணம் அடிச்ச சத்திரம்." பிறகு செல்லக்கண்ணுவைப் பார்த்தாள். "அண்ணே, இங்கே சொன்னீங்களே, அதை அங்கேயும் சொல்லணும். அதுல ஒரு சொல்லைக்கூட விட்டுடாதீங்க. தலையை மட்டும் நிமித்திக்கிட்டுச் சொல்லுங்க. உங்க தங்கச்சி உங்க முகத்தைப் பாக்க வேண்டாமா?"

செல்லக்கண்ணு சின்னப்பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டுப் பானகத்தை ஒரே மூச்சில் குடித்தார்.

"வந்த சீரை வந்தபடி அனுப்பப்படாது" என்று சொல்லிக்கொண்டே வேலம்மாள் தன் வீட்டுப் பித்தளைத் தட்டு இரண்டை எடுத்தாள். ஒன்றில் பூவும் மஞ்சளும், ஒன்றில் தேங்காய் பழமும் வைத்தாள். எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்க வேண்டும் என்று அந்த அவசரத்திலும் அவளுக்கு நினைவு இருந்தது. இருபத்தொன்று இருபத்துமூன்றாயிற்று. "நம்ம மேளமும் கூடப் போய் அவங்க வாசல்ல விட்டுட்டு வரட்டும்" என்று தன் நாயனத்தையும் அனுப்பினாள்.

வாசல் வரை வழியனுப்ப வந்தவளின் கையைப் பொன்னுத்தாய் பிடித்துக்கொண்டாள். "உங்க மேளம் இல்லாத நேரத்துல உங்க அண்ணன் சீர் வந்துட்டா?"

"வரும். வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலம்மாள் அம்மா மண்டபம் பக்கம் ரோட்டைப் பார்த்தாள். "நீங்க சீக்கிரம் போங்க அண்ணி. அங்கேயும் ஒருத்தி ரோட்டைத்தான் பாத்துக்கிட்டிருப்பா."

பச்சைச் சத்திரத்துச் சுவர்க்கடிகாரத்தில் மணி எட்டு ஐம்பது. வள்ளிக்கண்ணுவின் மாமியார் மாரியாயி கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டம் கட்டப்போகிற பெருமையில் அவள் தங்கை மகன் பட்டுத் துண்டை இடுப்பில் கட்டித் தயாராக நின்றான். அப்போதுதான் வாசலில் இரண்டு மேளம் சேர்ந்தாற்போல் முழங்கியது.

"யாரு? யாரு வீட்டு மேளம்? ரெண்டு கேக்குதே!" என்று மாரியாயி எழுந்தே விட்டாள்.

பொன்னுத்தாய் ஒரு தட்டை நீட்டி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள். "வழியில ஒரு கல்யாண வீடு இருந்துச்சுங்க. முறைப்படி அங்கே இறங்கிப் பானகம் குடிச்சுட்டு வரோம். அந்த வீட்டுல ரெண்டு தட்டு வச்சு மேளத்தோட அனுப்பினாங்க."

மாரியாயிக்குத் தெரியாத வழக்கம் என்று உலகத்தில் ஒன்று இருக்கலாமா? சம்பந்தி வீட்டுப் பெண்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்னே? முறைன்னா அதான் முறை!" என்றாள் மாரியாயி. "எங்க அம்மா காலத்துல ரெண்டு வீட்டுல இறங்குவாங்க. இப்ப யாரு அதையெல்லாம் பாக்கறாங்க? உங்க வீட்டுக்காரராவது பாத்தாரே. சந்தனம் எங்கேடி?"

தங்கை மகன் இடுப்புத் துண்டை மெதுவாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

வள்ளிக்கண்ணு மணப்பெண் அறை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் வரவில்லை. காதோரம் நரைத்துப் போயிருந்தது. செல்லக்கண்ணு தலையை நிமிர்த்தினார். ஒன்பது வருஷம் கழித்துத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அப்படியே அப்பா ஜாடை.

"தப்பு என்னுதுதான் தாயி" என்றார். "அன்னிக்கு நான்..."

அவ்வளவுதான். மேலே வரவில்லை. அங்கே யாரோ ஒருத்தியிடம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன மனிதர், இங்கே பாதியில் நிற்கிறார்.

பொன்னுத்தாய் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, தெருக்கூத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவனைப் போல், "நின்னிருக்கணும்... நின்னிருக்கணும்" என்று கிசுகிசுத்தாள்.

அது வள்ளிக்கண்ணுவுக்கும் கேட்டுவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நீங்க நிக்கலைன்னா என்ன அண்ணே" என்றாள். "நான் நின்னேன். இத்தனை வருஷமும் நீங்க வருவீங்கன்னு நான் நின்னேன்ல."

செல்லக்கண்ணு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வள்ளிக்கண்ணு ஓடிவந்து அண்ணியின் தோளில் சாய்ந்தாள். பொன்னுத்தாய் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். பங்காளிகளில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"அழுறதை எல்லாம் பட்டம் கட்டிட்டு அழுங்க! நேரம் ஓடுது!" என்று மாரியாயி அதட்டினாள். ஆனால் அவளும் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டதை நான் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும்.

மங்கையர்க்கரசிக்கு மாமன் கையால் பட்டம் ஏறியது. தாலி கட்டியாயிற்று. பந்தி மூன்று முடிந்தது.

உச்சிவேளைக்குப் பொன்னுத்தாய் அந்த இரண்டு பித்தளைத் தட்டையும் தேய்த்துத் துடைத்து எடுத்தாள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா? ஒன்றில் ரவிக்கைத் துணியும் பூவும், ஒன்றில் பலகாரமும் வைத்துக்கொண்டாள். "நானும் வரேன்" என்று செல்லக்கண்ணு கூட நடந்தார். காலையில் குனிந்த தலையோடு போன மனிதர், இப்போது ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பொன்னுத்தாய்க்கு மனசெல்லாம் நிறைந்திருந்தது.

அந்தச் சத்திரத்தில் கூட்டம் பாதி கலைந்திருந்தது. வாசலில் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க வாங்க, பானகச் சீரா?" என்றார்.

"அந்த அம்மாவோட அண்ணன் சீர் வந்துச்சுங்களா?" என்று பொன்னுத்தாய் கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கேங்க வந்துச்சு? ஆறு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. வருவேன்னு கடுதாசி போட்டிருந்தாராம். முகூர்த்தம் முடியப்போற நேரம் வரைக்கும் அந்த அம்மா இந்த வாசல்லதான் நின்னாங்க. கடைசியில நாத்தனார் புருஷனை வச்சுப் பட்டம் கட்டினாங்க. காலையில உங்க சீரைப் பாத்ததும் நாங்க எல்லாரும் அவர்தான் வந்துட்டார்னு நினைச்சோம். சம்பந்தி வீட்டுலகூட, பரவாயில்லையே, இருபத்தொரு தட்டான்னு வாயைப் பொளந்தாங்க."

பொன்னுத்தாய்க்குக் காலையில் பார்த்த முகம் திரும்ப வந்தது. மலர்ந்து வந்து, பாதியில் வாடிய முகம். தன் அண்ணன் வந்துவிட்டான் என்று நூறு பேர் நம்பிய நேரத்தில், அவன் இன்னும் வரவில்லை என்று தன் வாயாலேயே சொன்னாளே! யாரோ ஒரு மனிதர் தலைகுனியக் கூடாது என்பதற்காகத் தன் குறையைத் தானே கூடத்தில் போட்டு உடைத்தாளே! அதையும் சிரித்துக்கொண்டல்லவா சொன்னாள்!

வேலம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"சொன்னீங்களா அண்ணே?"

"பாதிதான் சொன்னேன் தாயி. மீதியை அவளே சொல்லிட்டா."

"அது போதும்."

செல்லக்கண்ணு அம்மா மண்டபம் பக்கம் ரோட்டை ஒருமுறை பார்த்தார். "உங்க அண்ணன் எந்த ஊரு?" என்றார்.

"மணப்பாறைக்கு அந்தப் பக்கம், வையம்பட்டி. அடைக்கலம்னு பேரு. விடுங்க அண்ணே. சின்ன விஷயம். நாங்க ரெண்டு பேருமாச் சேந்து பெருசாக்கிட்டோம்."

"ஆளு எப்படி?"

"ரோஷக்காரர். ஒரு வார்த்தை சொல்லிட்டா மாறமாட்டார். மனசுக்குள்ள மட்டும் வெந்துக்கிட்டிருப்பார்."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச ஆளுதான்" என்றார் செல்லக்கண்ணு.

பொன்னுத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலம்மாளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் இறங்கிவிட்டது.

"மறுவீடு என்னிக்கு?"

"நாளன்னிக்கு. ஞாயித்துக்கிழமை."

செல்லக்கண்ணு ரவிக்கைத் துணி இருந்த தட்டை அவள் கையில் கொடுத்தார். இன்னொன்றில் இருந்த பலகாரத்தை எடுத்து அதிலேயே வைத்துவிட்டு, காலித்தட்டைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தட்டு என்கிட்டயே இருக்கட்டும். உங்க அண்ணன் கையால நிரப்பி, மறுவீட்டுக்கு அவரையும் கூட்டிக்கிட்டு வரேன்."

"ஐயையோ, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்று வேலம்மாள் பதறினாள். "அவர் வரமாட்டேன்னு சொல்லிட்டா?"

"வாசல்ல உக்காந்துக்கறேன். எத்தனை நாழியானாலும் சரி. நானும் நிக்கப் பழக வேண்டாமா?"

பொன்னுத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதரையா ஒன்பது வருஷமாகக் கல்லென்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பெண்டாட்டி அல்லவா, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"என்னங்க, வள்ளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. இப்பதான் ஒட்டியிருக்கு."

"நீ சொல்லிடு. அவ நிப்பா."

திருச்சி ஜங்ஷன் போகிற பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் திரும்பி மறைகிற வரை இரண்டு பெண்களும் வாழைமரத்தடியில் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வருவாரா அண்ணி?" என்றாள் வேலம்மாள்.

"இவரே வந்துட்டாரு. அவர் வரமாட்டாரா?" என்றாள் பொன்னுத்தாய்.

வையம்பட்டியில் அடைக்கலத்தின் வீட்டுக் கதவு முந்தின நாள் சாயங்காலமே பூட்டியாகிவிட்டது. பதினொரு சீர்த்தட்டும் பெண்டாட்டியுமாக அவர் அப்போதே ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். அது பஸ்ஸில் போகிறவருக்கும் தெரியாது, வாசலில் நிற்கிறவளுக்கும் தெரியாது. வழியில் அவர் எங்கே நின்றுவிட்டார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.